வியாழக்கிழமை பேசப்படுகிறவர்கள்

ஜனவரி 9, வியாழன்

நாலு மணிக்குக் கூட்டம், நூலக மாடியில். அங்கே ஒரு குழல்விளக்கு விட்டு விட்டு எரிகிறது. மூன்று வாரமாகச் சொல்கிறோம், யாரும் மாற்றுகிற வழியைக் காணோம். ஆறு பேர் வந்திருந்தோம்.

சிஸ்டர் புதிதாக ஒருவரைப் பற்றிச் சொன்னார். சிஸ்டர் ஓய்வு பெற்ற நர்ஸ். எங்கள் குழுவுக்குத் தலை, வாய், காது எல்லாம் அவர்தான். புதியவருக்கு ஐம்பத்தொன்பது வயது. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். கண் அழுத்தத்தில் ஓரப் பார்வை போய், வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். மனைவி இல்லை. மகள் வீட்டில் ஓர் அறை. போன மாதம் சாக முயன்று பிழைத்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. மருந்து கொடுப்பது டாக்டரின் வேலை. வாரம் இரண்டு நாள் போய்ப் பக்கத்தில் உட்காருவது எங்கள் வேலை.

"கண்ணு விஷயம். நம்ம கண்ணாடிக்கடைக்காரரே போகட்டுமே" என்றார் சலூன்காரர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு வருடமாகக் குழுவில் இருக்கிறேன். போனில் பேசியிருக்கிறேன், துண்டுத்தாள் அச்சடித்திருக்கிறேன், நாற்காலி எடுத்துப் போட்டிருக்கிறேன். ஒருவர் வீட்டுக்குத் தனியாகப் போனதில்லை.

"முடியுமா உங்களால? தம்பி போய் மூணு வருஷம்தானே ஆகுது" என்றார் சிஸ்டர்.

முடியும் என்றேன்.

ஜனவரி 11, சனி

கடையைக் கல்லாவில் இருக்கிற கவுண்டர் பெண்ணிடம் விட்டுவிட்டுப் போனேன். சிறிய அறை. கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போட்டிருக்கிறார். கீழே சாலை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு பஸ் போனது.

"ரெண்டாவது கியர் தேயுது. இன்னும் ஒரு மாசம் தாங்கும். ஷெட்டுல எவன் காதுல விழப்போகுது" என்றார்.

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. முதல் நாளே நேராகக் கேட்டுவிட வேண்டும். 'அந்த மாதிரி எண்ணம்', 'தப்பான முடிவு' என்று சுற்றி வளைக்கக் கூடாது. சாவு என்ற சொல்லை நாம் சொன்னால்தான் அவருக்கும் சொல்ல வாய் வரும். கேட்டால் எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று ஊர் பயப்படுகிறது. அப்படி ஆவதில்லை. இதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இன்று காலை கண்ணாடி முன்னால் நின்று நானே நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மனைவி குளியலறைக் கதவைத் தட்டி, "உள்ள யாரோட பேசறீங்க?" என்றாள்.

"அண்ணே, சாகணும்னு இப்பவும் தோணுதா?"

ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார். "யாருமே இப்படிக் கேக்கல தம்பி. மக கூடக் கேக்கல. தோணுது. தினமும் இல்ல, ஆனா தோணுது" என்றார். அதன் பிறகு ஒரு மணி நேரம் பேசினார். நான் ஒன்றும் செய்யவில்லை, கேட்டேன். கிளம்பும்போது அவர் முகம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. என் முகமும்தான்.

ஜனவரி 15, புதன்

தம்பி என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. வீட்டில் மூத்தவன் நான். அண்ணா என்று கூப்பிட ஒருவன் இருந்தான்.

ஜனவரி 22, புதன்

மதியம் ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். கண்ணாடி தயாரா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "சும்மாதான் கூப்பிட்டேன்" என்றார். அவ்வளவுதான், எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் அதற்குப் பிறகு சொன்னது எதுவும் நினைவில்லை.

தம்பி போன அன்றைக்கு நான் ஒரு அம்மாவுக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் காட்டினது நன்றாகத் தெரிகிறதா, இது நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்தேன். "என்னடா?" "சும்மாதான்ணா." "கஸ்டமர் இருக்காங்கடா, அப்புறம் கூப்பிடறேன்." "சரிண்ணா. நீ வேலையப் பாரு." நாற்பத்தொரு நொடி. போனில் இன்னும் இருக்கிறது. நான் வேலையைப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு வலது கண்ணில் கால் பாயிண்ட் கூடியிருந்தது. அதுகூட நினைவிருக்கிறது. அப்புறம் கூப்பிட்டேனா? சாப்பிட்டேன், கடைக்கு வந்த சரக்கைப் பிரித்தேன், அப்புறம் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 1, சனி

தப்பு செய்துவிட்டேன். ஆனால் தப்பு மாதிரி இல்லை. லேசாக இருக்கிறது.

பஸ்காரர் கேட்டார்: "கடை, குடும்பம்னு நல்லா இருக்கீங்க. எதுக்கு தம்பி இந்த வேலைக்கு வந்தீங்க?"

இதற்கும் விதி இருக்கிறது. நம் கதையைச் சொல்லக் கூடாது. கேட்டால் ஒரு வரி, அதோடு நிறுத்து. நான் ஒரு வரிதான் ஆரம்பித்தேன். நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. போன், நாற்பத்தொரு நொடி, எல்லாம் சொன்னேன். இவளிடம்கூட இவ்வளவு சொன்னதில்லை. அழுதேன். அவர் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ஓரத்தில் இருந்த முக்காலி அவருக்குத் தெரியவில்லை, முட்டிக்கொண்டார். "ஒண்ணுமில்ல, குடிங்க" என்றார்.

வாசல் வரைக்கும் வந்து, "பாத்துப் போங்க சார்" என்றார்.

பிப்ரவரி 6, வியாழன்

கூட்டத்தில் சொன்னேன்: நல்ல முன்னேற்றம், மனம் விட்டுப் பேசுகிறார். யார் மனம் விட்டுப் பேசியது என்று சொல்லவில்லை. சலூன்காரர் முதுகில் தட்டினார்.

பிப்ரவரி 12, புதன்

கேட்க வேண்டியதைக் கேட்டேன். "அதெல்லாம் இப்ப இல்ல சார். விட்ருச்சு" என்றார். உடனே, "நீங்க தூங்கினீங்களா? கண்ணெல்லாம் ஒரு மாதிரி இருக்கே" என்றார். ஷேவ் செய்து, சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்குள் வராமல் படியில் தொங்குகிறவர்களை எப்படித் திட்டாமல் உள்ளே தள்ளுவது என்று ஒரு கதை சொன்னார். வயிறு வலிக்கச் சிரித்தேன். தெருமுனை வரை கூட வந்து விட்டுவிட்டுப் போனார்.

பதிவேட்டில் 'எண்ணம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்போதெல்லாம் சார் என்கிறார். மரியாதை கூடியிருக்கிறது போல.

பிப்ரவரி 17, திங்கள்

தலைவலி. மதியம் கடையில் அதிக நேரம் உட்கார்ந்துவிட்டேன். "ஊர்க்கண்ணையெல்லாம் பாக்கறீங்க, உங்க கண்ண யாரு பாக்கறது?" என்று இவள் தைலம் தேய்த்துவிட்டாள்.

பிப்ரவரி 22, சனி

இப்போதுதான் வீடு திரும்பினேன்.

காலையில் போனேன். ரொம்பத் தெளிவாக இருந்தார். அறையைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார். விபத்தில்லாமல் ஓட்டியதற்கு டிப்போவில் கொடுத்த கைக்கடிகாரத்தை எடுத்து என் கையில் கட்டிவிட்டார். "வச்சுக்குங்க சார். எனக்கு எதுக்கு நேரம்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவர் நம்மை இவ்வளவு மதிக்கிறாரே என்று. போகிற வழியெல்லாம் மணி பார்த்துக்கொண்டே போனேன்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது இவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். "நல்லா இருக்கே. ஏன், மக இருக்கா, மருமகன் இருக்காரு. உங்களுக்கு எதுக்குக் குடுத்தாரு?"

பெருமையோடு பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் மூடவில்லை.

எங்கள் துண்டுத்தாளில் இருக்கிறது. ஐந்தாவது அறிகுறி. 'பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல்.' எழுத்துப்பிழை பார்த்தவன் நான். கடையில் பவர் பார்க்கிற எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கிறார்கள். நான் படிக்கவில்லையே. அடப்பாவி, படிக்கலியே!

கை கழுவாமல் ஓடினேன். சிஸ்டருக்கு ஓடிக்கொண்டே போன் செய்தேன். வீடு பூட்டியிருந்தது. மகள் வேலையில். பக்கத்து வீட்டுக்காரர், "இப்பதான் நடந்து போனாரு, பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றார்.

மூன்றாவது நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பழைய தடம் அங்கிருந்துதான் கிளம்பும். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. விதி, சொல், ஒத்திகை எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"அண்ணே. சாகணும்னு இருக்கீங்களா?"

தலையாட்டினார். பிறகு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

"உங்ககிட்ட எப்படி சார் சொல்லுவேன்? ஒரு தம்பியப் பறிகுடுத்துட்டு, அந்தப் போனையே நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. எனக்கும் அப்படித்தான் இருக்குன்னு சொன்னா நீங்க என்ன ஆவீங்க? அதான் விட்ருச்சுன்னு சொன்னேன். நீங்க வர்ற நாளெல்லாம் உங்களுக்காக எந்திரிச்சு ஷேவ் பண்ணிக்குவேன் சார். நீங்க போனதும் படுத்துக்குவேன்."

எனக்காக ஷேவ் செய்துகொண்டார்.

கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் திரும்பக் கட்டினேன். கொக்கி மாட்ட வரவில்லை, அவரே உதவினார். அரைமணி நேரத்தில் சிஸ்டரும் மகளும் ஆட்டோவில் வந்தார்கள். மகள் அப்பாவின் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். அப்படியே டாக்டரிடம் போனார்கள். அங்கே சேர்த்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 27, வியாழன்

கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். என் கதையைச் சொன்னது, பதிவேட்டில் எழுதியது, கடிகாரம். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழுவில் இருக்கிற தபால்காரம்மா தலையைக் குனிந்துகொண்டு மேஜையில் ரப்பர் பேண்டை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு வாரமா அவருதான் உங்களப் பாத்துக்கிட்டிருக்காரு" என்றார் சிஸ்டர். குரல் உயர்த்தவில்லை.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சலூன்காரர் போவதாக முடிவானது. நான் கொஞ்ச நாள் யார் வீட்டுக்கும் போக வேண்டாம். சரி என்றேன். படியிறங்கும்போது சிஸ்டர் பின்னாலேயே வந்தார்.

"உங்களுக்கு எப்படி? சாகணும்னு தோணுதா?"

நான் சிரித்தேன். "என்ன சிஸ்டர், என்னையேவா?"

"உங்களத்தான்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர்."

பதில் சட்டென்று வந்தது. எவ்வளவு சரளமாக வந்தது!

மார்ச் 4, செவ்வாய்

சிஸ்டர் மேல் கோபம் கோபமாக வருகிறது. ஊசி போட்ட கை, எங்கே பார்த்தாலும் நரம்பு தேடும். எனக்கு என்ன? கடை திறக்கிறேன், மூடுகிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

மார்ச் 7, வெள்ளி

இரண்டு கண்ணாடிக்குப் பவர் மாற்றிப் போட்டுவிட்டேன். கவுண்டர் பெண் கண்டுபிடித்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

இந்த நோட்டில்கூட எழுதாமல் வைத்திருந்த ஒன்றை எழுதுகிறேன்.

தம்பி கண்ணாடி ஒன்று கடையில் இருக்கிறது. அவன் போவதற்கு ஒரு வாரம் முன்னால் நான்தான் பவர் பார்த்தேன். கண்ணாடி தயாராகி வந்தபோது அவன் இல்லை. யாரும் வந்து வாங்கிப் போகாத கண்ணாடிகள் கிடக்கிற தட்டில், அவன் பெயர் எழுதின உறையோடு போட்டு வைத்தேன்.

கவுண்டர் பெண் ஒன்றரைக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போவாள். நான் ஷட்டரைப் பாதி இறக்குவேன். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொள்வேன். அவனுக்குப் பவர் அதிகம், எனக்கு எல்லாம் கலங்கித் தெரியும். பவர் பார்க்கிற நாற்காலியும் கலங்கித் தெரியும். அதில் அவன் உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ள அந்தக் கலங்கல் போதும். முதலில் காட்டினது நன்றாகத் தெரிகிறதா, இதுவா என்று கேட்பேன். சில நாள் பதில் கேட்கும். என்னடா என்று கேட்பேன். சும்மாதான்ணா என்பான். இந்தத் தடவை நான் வைத்துவிட மாட்டேன். பேசுடா, கஸ்டமர் யாரும் இல்லடா, பேசு என்பேன். இரண்டு வருடமாக, ஞாயிறு தவிர எல்லா நாளும். முதலில் ஐந்து நிமிடம். இப்போது முக்கால் மணி நேரம்.

தலைவலி அதனால்தான்.

கழற்றுகிற நேரம் வருகிறதே, அதுதான் தாங்கவில்லை. பலகை தெளிவாகத் தெரியும், நாற்காலி காலியாக இருக்கும். எதற்குக் கழற்ற வேண்டும், அவன் இருக்கிற பக்கமே போய்விடலாமே என்று தோன்றுகிறது. சும்மா தோன்றவில்லை. போன மாதத்திலிருந்து தினமும் தோன்றுகிறது.

எழுதிவிட்டேன். சிஸ்டர், உங்களிடம் பொய் சொன்னேன்.

மார்ச் 15, சனி

பஸ்காரர் கடைக்கு வந்தார். கூடவே சலூன்காரர், ஓயாமல் பேசிக்கொண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரமாகிறதாம். இளைத்திருக்கிறார். தாடி மூன்று நாள் வளர்ந்து முள்ளாக நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"பக்கத்துலயே சலூன்காரர வச்சுக்கிட்டு இந்தத் தாடியா?" என்றேன்.

"தோணல, விட்டுட்டேன். இவருகிட்ட எதுக்கு நடிக்கணும்? நான் சாகறேன்னா, இருய்யா, முடிவெட்டி விடறேன், அப்புறம் பேசலாம்ங்கறாரு" என்றார். சலூன்காரர், "பின்ன, வேலைன்னா வேலைதான்" என்றார். மூவரும் சிரித்தோம்.

சலூன்காரர் வெளியே டீ சொல்லப் போனார். பஸ்காரர் என் முகத்துக்கு நேராகத் தலையைத் திருப்பினார். நேரே இருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும், ஆனால் அது நன்றாகத் தெரியும்.

"தம்பி, மூணு வாரம் உங்ககிட்டப் பொய் சொன்னேன்ல. அப்ப எம்மூஞ்சி எப்படி வச்சிருந்தேன்னு எனக்குத் தெரியும். இப்ப உங்க மூஞ்சி அப்படித்தான் இருக்கு."

நான் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்டச் சொல்ல வேண்டாம். நான் தாங்க மாட்டேன், நீங்களும் சொல்ல மாட்டீங்க. ஆனா யாருகிட்டயாவது சொல்லிருங்க" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

இவளிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னேன். கண்ணாடி, ஷட்டர், நாற்காலி, கடைசியில் அது. சாவு என்ற சொல்லைச் சொல்லித்தான் சொன்னேன். வாயில் வைக்க முடியாத அளவு பெரிதாக இருந்தது.

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு, "ரெண்டு வருஷமாவா?" என்றாள்.

"ஆமா."

"ரெண்டு வருஷமா நான் தைலம் தேச்சுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு அழுகைதான். என் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க? சொல்றதுக்கு என்ன?" என்றாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். உன்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன் என்றேன். "யாரு, நானா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, அவளே சிஸ்டருக்குப் போன் செய்தாள்.

மார்ச் 19, புதன்

டாக்டரைப் பார்த்தோம். மாத்திரை எழுதினார். வாரா வாரம் வரச் சொன்னார். அவர் போட்டிருந்த கண்ணாடியின் பவர் அவருக்குப் போதாது, தாளை நீட்டிப் பிடித்துத்தான் எழுதுகிறார். சொல்லவில்லை. இவளிடம் வெளியே வந்து சொன்னேன். "அடுத்த வாரம் சொல்லுங்க" என்றாள்.

மார்ச் 20, வியாழன்

நாலு மணி. கூட்டத்துக்குப் போகவில்லை. யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர் அந்த அறைக்கு வருவதில்லை, அது எங்கள் வழக்கம்.

அங்கே என்ன நடக்கும் என்று நிமிடக் கணக்காகத் தெரியும். சிஸ்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, புதிதாக ஒருவர் என்று ஆரம்பித்திருப்பார். ஐம்பத்தொரு வயது. தம்பியை இழந்தவர். மனைவி கூட இருக்கிறார், ஒத்துழைப்பு உண்டு. சலூன்காரர் நாற்காலியைப் பின்னால் சாய்த்திருப்பார். யார் போகிறீர்கள் என்ற கேள்விக்குப் பிறகு ஒரு சின்ன அமைதி வரும். எத்தனையோ பேருக்காக அந்த அமைதியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதை வீட்டில் உட்கார்ந்து கேட்பது என்னவோ போலிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. வெட்கம் மட்டும்தானா? ஐந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து என்னைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்பது நெஞ்சில் எங்கோ கதகதப்பாகவும் இருக்கிறது.

ஐந்தரை. போன் அடித்தது. தபால்காரம்மா. கடுதாசி கொடுக்கிற குரலிலேயே பேசினார்: "நான்தான் வரப்போறேன். திங்கக்கிழமை காலைல பத்து மணிக்குக் கடைக்கு வரலாமா? அப்ப உங்களுக்குத் தோதா இருக்குமா?"

சரி என்று சொல்ல வாய் போனது. பத்து மணிக்கு நான் நன்றாகத்தான் இருப்பேன். தலை வாரியிருப்பேன், கவுண்டர் பெண்ணைக் கிண்டல் செய்துகொண்டிருப்பேன், உங்களையும் சிரிக்க வைத்து அனுப்புவேன்.

"பத்து வேண்டாம்மா. ஒன்றரைக்கு வாங்க. ஷட்டர் பாதி எறங்கியிருக்கும். ஆள் இல்லன்னு போயிடாதீங்க, தட்டுங்க" என்றேன்.

"ஒன்றரை. தட்டணும்" என்று அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே எழுதுவது கேட்டது.